இரு நாவுக்கும் ஒரு பெயர்: அமெரிக்க ஸ்பானியக் குடும்பங்களின் பெயரிடல் வரலாறு

டேனியல் என்ற பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் ஆங்கிலத்துக்கும் ஸ்பானியத்துக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே. ஒலி வேறு. ஆங்கிலம் பேசுபவர் முதல் அசையை அழுத்தி ‘டேனியல்’ என்பார். இறுதி அசை அவர் வாயில் தேய்ந்துவிடும். ஸ்பானியம் பேசுபவர் நாவைப் பல்லில் வைத்துத் ‘தனியேல்’ என்பார். அழுத்தம் கடைசி அசையில் விழும். தமிழ் விவிலியத்தின் ‘தானியேல்’ இரண்டாவதற்கே நெருக்கமானது. ஆயினும் லாஸ் ஏஞ்சலஸிலோ சான் அந்தோனியோவிலோ வாழும் ஒரு தாயும் தந்தையும் இப்பெயரைத் தேர்ந்தெடுக்கையில் இந்த ஒலிவேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. பாட்டியும் அழைக்கலாம், பள்ளி ஆசிரியரும் அழைக்கலாம், எந்தப் பதிவேட்டிலும் எழுத்து மாறாது என்பதே அவர்களுக்குப் போதுமானது.

ஆங்கிலத்துக்கும் ஸ்பானியத்துக்கும் பொருந்தும் பெயரைத் தேடுவது இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல்லாயிரம் வீடுகளில் இயல்பாக நடைபெறும் செயல். அதை ஒரு குடும்பத்தின் சுவை சார்ந்த விஷயமாகக் கருதுவது எளிது. ஆனால் அத்தேடலுக்குப் பின்னால் ஐந்நூறு ஆண்டு வரலாறு உண்டு. இரு மொழிகள் சந்திக்கும் இடத்தில் எந்தப் பெயர் வளைகிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்பதை ஒலியியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலம் யாருடையது, பள்ளி யாருடையது, பதிவேடு யாருடையது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இவ்வரலாற்றை 1519இலிருந்து தொடங்கலாம். அவ்வாண்டு எர்னான் கோர்த்தேஸின் படையிடம் அடிமைகளாக ஒப்படைக்கப்பட்ட பெண்களுள் ஒருத்திக்கு ஞானஸ்நானத்தில் ‘மரீனா’ என்று பெயரிடப்பட்டது. பின்னாளில் மெக்சிகோ வெற்றியின் மொழிபெயர்ப்பாளராக வரலாற்றில் இடம்பெற்றவர் அவரே. நவாத் மொழியில் ரகர ஒலி இல்லை. எனவே ‘மரீனா’ நவாத் நாவில் ‘மலினா’ ஆயிற்று. அதனுடன் மரியாதை விகுதியான ‘ட்சின்’ சேர்ந்து ‘மலின்ட்சின்’ ஆயிற்று. ஸ்பானியர் அதைத் தம் செவிக்கேற்பத் திரும்ப வாங்கி ‘மலிஞ்சே’ என்றனர் என்பது வரலாற்றாசிரியர் பலர் ஏற்கும் விளக்கம். ஒரே பெயர் இரு மொழிகளுக்கிடையே இருமுறை பயணம் செய்து, புறப்பட்ட வடிவத்தை இழந்தது. அப்பெண்ணுக்குப் பிறப்பில் இடப்பட்ட பெயர் என்ன என்பது எந்தப் பதிவிலும் உறுதியாக இல்லை. இன்று ஒடுக்கப்படும் மொழியாகப் பேசப்படும் ஸ்பானியம், முதலில் பிறர் பெயர்களை அழித்தெழுதிய மொழியாகவே அக்கண்டத்தில் காலூன்றியது என்பதை மறந்துவிட்டு இவ்வரலாற்றைச் சொல்ல முடியாது.

அடுத்த காட்சி அல்டா கலிபோர்னியா. 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றபின் அப்பகுதி மெக்சிகோவின் வடமேற்கு எல்லையாக இருந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து கப்பல் தலைவர்களும் வணிகர்களும் அங்கு வந்து தங்கினர். ஜான் ரோஜர்ஸ் கூப்பர் என்பவர் 1823இல் மாண்டெரேயை அடைந்தார். 1827இல் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்று, செல்வாக்கு மிக்க வயேஹோ குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அதுமுதல் அவர் ‘ஹுவான் பௌதீஸ்தா ரோஜர்ஸ் கூப்பர்’. கனெக்டிகட்டில் பிறந்த ஜொனாதன் டிரம்புல் வார்னர் 1831இல் கலிபோர்னியாவுக்கு வந்து ‘ஹுவான் ஹோசே வார்னர்’ ஆனார். நிலம் பெறவும் குடியுரிமை பெறவும் மணஉறவு கொள்ளவும் கத்தோலிக்கமும் ஸ்பானியமும் வாயில்களாக இருந்த காலம் அது. ஆகவே ஆங்கிலப் பெயர் வளைந்தது. ஸ்பானியப் பெயர் நிமிர்ந்து நின்றது.

1848 பெப்ரவரி 2 அன்று கையெழுத்தான குவாடலூப்பே இதால்கோ உடன்படிக்கை இந்தத் திசையைத் திருப்பியது. டெக்சாஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இழந்தது. எல்லை மக்களைக் கடந்து நகர்ந்தது. மக்கள் தம் இடத்திலேயே இருந்தனர். கலிபோர்னியாவின் 1849ஆம் ஆண்டு அரசமைப்பு, சட்டங்கள் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் வெளியிடப்பட வேண்டும் என்று விதித்தது. 1879ஆம் ஆண்டு அரசமைப்பில் அவ்விதி நீங்கியது. அரசு எழுத்து ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதாயிற்று. முப்பது ஆண்டுகளில் ஒரு மொழி ஆவணத்திலிருந்து வீட்டுக்குள் பின்வாங்கிய கதை இது.

பின்வாங்கிய மொழியைப் பள்ளி அங்கும் விட்டுவைக்கவில்லை. 1918இல் டெக்சாஸ் இயற்றிய சட்டம், பொதுப்பள்ளியில் அயல்மொழிப் பாடவேளை நீங்கலாகப் பிற மொழியில் கற்பிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதே மாநிலத்தின் மார்ஃபா என்னும் சிற்றூரில், மெக்சிகோ வழி மாணவர்களுக்கான பிளாக்வெல் பள்ளியில், 1954இல் ‘திரு. ஸ்பானியம்’ என்பவருக்கு இறுதிச் சடங்கே நடத்தப்பட்டது. பிள்ளைகள் ஸ்பானியம் பேசமாட்டோம் என்று தாளில் எழுதி, அதைப் பெட்டியிலிட்டுப் புதைத்தனர். அப்பள்ளிக் கட்டடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022இல் நிறைவேறியது.

இத்தகைய வகுப்பறைகளில் வருகைப் பதிவேடு ஒரு மொழிபெயர்ப்புக் கருவியாகச் செயற்பட்டது. ஹுவான் ஜான் ஆனான். மரியா மேரி ஆனாள். கில்லெர்மோ வில்லியம் ஆனான். ஹெசூஸ் பெரும்பாலும் ஜெஸ்ஸி ஆனான்; ஆங்கிலப் புரோட்டஸ்டண்டு மரபில் இயேசுவின் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் இல்லை, ஸ்பானியக் கத்தோலிக்க மரபிலோ அது சாதாரணமானது. பல ஆசிரியர்கள் இதைக் கொடுமையாக எண்ணிச் செய்யவில்லை. பிள்ளைக்கு உதவுவதாகவே நம்பினர். அதனாலேயே அது ஆழமாக வேர்கொண்டது. 1982இல் வெளிவந்த ரிச்சர்டு ரொட்ரீகஸின் தன்வரலாற்று நூல், ஸ்பானியம் பேசும் வீட்டிலிருந்து வந்த சிறுவன் வகுப்பில் தன் பெயரை ஆங்கில ஒலியில் முதன்முறையாகக் கேட்ட தருணத்தைப் பதிவுசெய்கிறது. அந்த இழப்பே பொதுவாழ்வில் நுழைவதற்கான விலை என்று அவர் வாதிட்டார். இருமொழிக் கல்வியையும் எதிர்த்தார். 1984இல் வந்த சாண்ட்ரா சிஸ்நெரோஸின் ‘மாங்கோ தெரு வீடு’ நூலில் எஸ்பெரான்சா என்ற சிறுமி தன் பெயரைப் பற்றியே ஓர் இயல் முழுவதும் பேசுகிறாள். ஸ்பானியத்தில் அப்பெயருக்கு ‘நம்பிக்கை’ என்று பொருள். பள்ளியில் அது பொருளற்ற, கரடான ஒலியாகிவிடுகிறது. இரு எழுத்தாளர்களின் முடிவுகளும் வெவ்வேறு. இருவரும் தொட்ட புண் ஒன்றே.

திரையும் இசையும் இன்னொரு வழியைக் கண்டன: வெட்டுதல். 1918இல் பிறந்த மார்கரீத்தா கார்மென் கன்சீனோ, முதற்பெயரின் வாலை எடுத்துக்கொண்டு, தாய்வழிக் குடும்பப் பெயரைச் சற்றே மாற்றிச் சேர்த்து ‘ரீட்டா ஹேவொர்த்’ ஆனார். 1941இல் பிறந்த ரிச்சர்டு வலென்சுவேலா ‘ரிச்சி வேலன்ஸ்’ ஆனார். வெட்டப்பட்ட அப்பெயரோடு அவர் 1958இல் பாடிப் புகழ்பெற்ற ‘லா பாம்பா’ முழுக்க ஸ்பானிய மொழியில் அமைந்த நாட்டார் பாடல் என்பது அக்காலத்தின் முரண். ரமோன் ஹெரார்தோ அந்தோனியோ எஸ்தேவெஸ் திரையில் ‘மார்ட்டின் ஷீன்’ ஆனார். சட்டப்படி பெயரை மாற்றிக்கொள்ளவே இல்லை. அவருடைய மகன்களில் ஒருவர் எமீலியோ எஸ்தேவெஸ் என்ற பெயரோடும், மற்றொருவரான கார்லோஸ், சார்லி ஷீன் என்ற பெயரோடும் நடித்தனர். ஒரே வீட்டில், ஒரே தொழிலில், ஒரே தலைமுறையில் இரு விடைகள் சாத்தியமாயின.

மொழிபெயர்ப்பு, வெட்டு ஆகிய இரண்டு வழிகளிலும் பெயரைச் சுமப்பவரே வளைய வேண்டியிருந்தது. இரு மொழிக்கும் பொருந்தும் பெயரை முதலிலேயே இடுவது மூன்றாவது வழி. பிள்ளை பின்னர் வளைய நேராதபடி, பெற்றோர் முன்கூட்டியே கணக்கிட்டுக் கொள்கின்றனர். அக்கணக்கில் மொழியியல் மாணவர் அறிந்த விதிகள் அனைத்தும் மறைந்திருக்கின்றன.

ஸ்பானியத்தில் உயிரொலிகள் ஐந்தே. ஆங்கிலத்தில் அதைவிடப் பன்மடங்கு. எனவே ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்ற தெளிவான உயிர்களால் ஆன எலேனா, கிளாரா, லாரா, மரீனா போன்ற பெயர்கள் ஓரளவு சேதமின்றிக் கடக்கின்றன. ஸ்பானியத்தில் சொல்லின் முதலில் சகரத்தோடு மற்றொரு மெய் மயங்காது. ஸ்டான்லி ‘எஸ்தான்லி’ ஆகும். ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ ஆக்கும் தமிழ்நாவுக்கு இது புதிதன்று. மொழிமுதல் மெய்ம்மயக்கத்தை ஏற்காத மொழிகள் உயிரொன்றை முன்னிட்டுத் தப்பிக்கின்றன. ஸ்பானியச் சொல்லிறுதியில் மகரம் அரிது. வில்லியம் ‘வில்லியன்’ போலாகிவிடும். ரோமன் எழுத்தான ‘ஜே’ ஆங்கிலத்தில் ஜகரம், ஸ்பானியத்தில் தொண்டையொலியான ஹகரம். ‘ஹெச்’ ஸ்பானியத்தில் ஒலிப்பதே இல்லை. இரட்டை ‘எல்’ யகரம் போல ஒலிக்கும். 2009, 2010 ஆண்டுகளில் அமெரிக்கப் பெண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் பெற்ற இசபெல்லா, இரட்டை ‘எல்’ கொண்ட இத்தாலிய எழுத்துக்கூட்டல். ஸ்பானிய விதிப்படி எழுத்தெழுத்தாக வாசித்தால் அது ‘இசபெய்யா’ ஆகிவிடும்.

ஒலியைக் கடந்தபின் பொருள் நிற்கிறது. ஆங்கிலத்தில் வெறும் பெயரான மீயா, ஸ்பானியத்தில் ‘என்னுடையவள்’. லிண்டா ஸ்பானியத்தில் ‘அழகி’. 1947 முதல் 1952 வரை அமெரிக்கா முழுவதும் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர் லிண்டா. மார்ஃபாவில் ஸ்பானிய மொழிக்குக் குழி தோண்டிய அதே காலகட்டத்தில், ஸ்பானியச் சொல்லாகவும் ஒலிக்கும் பெயர் அந்நாட்டின் முதற்பெயராக இருந்தது. அதை இட்ட ஆங்கிலப் பெற்றோரில் பெரும்பாலோர் அப்பொருளை எண்ணியிருக்கமாட்டார்கள். 1946இல் அரிசோனாவின் டூசானில் மெக்சிகோ வழிக் குடும்பத்தில் பிறந்த பாடகி லிண்டா ரான்ஸ்டாட் ஆங்கில இசையுலகில் புகழ்பெற்றபின், 1987இல் ‘என் தந்தையின் பாடல்கள்’ என்னும் பொருள்படும் ஸ்பானியத் தலைப்பில் மெக்சிகோப் பாடல்களின் தொகுப்பை வெளியிட்டார். இரு உலகுகளுக்கும் செல்ல அவர் பெயரில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இவ்வாறு பொருந்தும் பெயர்களின் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் அதன் மூலங்கள் தெரியும். டேனியல், டேவிட், சாமுவேல், கேப்ரியல், சாரா ஆகியவை எபிரேய விவிலியத்திலிருந்து வந்தவை. விக்டர், ஏட்ரியன், கிளாரா, மரீனா ஆகியவை லத்தீனிலிருந்து வந்தவை. சோஃபியாவும் எலேனாவும் கிரேக்கம். இரு மொழிகளும் ஒரே திருநூலையும் ஒரே பேரரசின் எச்சத்தையும் பங்கிட்டுக்கொண்டதன் விளைவே இப்பொதுச் சொத்து. அதற்கு வெளியே இருப்பவை உதிர்கின்றன. மாதாவின் திருப்பெயர்களான குவாடலூப்பே, கொன்சுவேலோ, பிலார், ரொசாரியோ ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் இணை இல்லை. தொலோரெஸ் மட்டும் விதிவிலக்காக 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கில வீடுகளிலும் பரவியது. தொலோரெஸ் தெல் ரீயோ போன்ற திரைநடிகையரின் புகழ் அதற்குத் துணைநின்றிருக்கக்கூடும். நவாத் மொழியில் ‘மலர்’ என்று பொருள்படும் ஷோச்சிட்ல் இன்னும் தொலைவில் நிற்கிறது. ஸ்பானியமே அதை முழுதாக உச்சரிப்பதில்லை. பொருத்தம் என்ற அளவுகோல் நடுநிலையானதன்று. இரு ஐரோப்பிய மொழிகளுக்கும் பொதுவானதை அது ஏற்கிறது. அம்மண்ணுக்கே உரியதை வெளியே நிறுத்துகிறது.

பொதுமூலம் இருந்தாலும் பொருந்தாத பெயர்களும் உண்டு. ஆங்கில ஜேம்ஸ், ஸ்பானிய சந்தியாகோ இரண்டும் ஒரே திருத்தூதரின் பெயர். ‘சான்’ என்னும் புனித அடைமொழி ‘யாகோ’வோடு ஒட்டி ஒரே சொல்லானது சந்தியாகோ. ஐபீரியக் கப்பல்களில் வந்த அதே வடிவம் தமிழ்க் கத்தோலிக்கரிடம் ‘சந்தியாகு’ என்றும் ‘சந்தியாகப்பர்’ என்றும் இன்றும் வழங்குகிறது. டெக்சாஸில் ஜேம்ஸ் என்றும் சந்தியாகோ என்றும் அழைக்கப்படும் இருவர் தாம் ஒரே பெயரினர் என்பதை உணர வாய்ப்பில்லை.

1960களின் குடியுரிமைப் போராட்டங்களும் சிகானோ இயக்கமும் இருமொழிக் கல்விக்கான 1968ஆம் ஆண்டுச் சட்டமும் சூழலை மாற்றின. ஸ்பானியப் பெயரை மறைக்க வேண்டியதில்லை என்ற துணிவு வளர்ந்தது. 1998இல் கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர் ஹோசே. இரு மொழிக்கும் பொருந்தும் பெயர் அன்று அது. ஆங்கில நாவு அதற்காகத் தன் ‘ஜே’யை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எண்ணிக்கை ஒரு மொழிக்கு நிமிரும் வலிமையைத் தரும் என்பதற்கு அது சான்று.

எனினும் இது எல்லோரிடமும் ஒருசேர நிகழவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரப் பிறப்புப் பதிவுகளைக் கொண்டு கிறிஸ்டினா சூ, எட்வர்டு டெல்லஸ் ஆகிய சமூகவியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு, மகன்களைவிட மகள்களுக்கே ஆங்கிலப் பெயர்கள் மிகுதியாக இடப்படுகின்றன என்று காட்டியது. மகன் குடும்பத் தொடர்ச்சியின் சின்னமாகக் கருதப்படுவதால் தந்தை, பாட்டன் பெயர்கள் அவனுக்குச் செல்கின்றன. மகளின் பெயரில் புதுமைக்கு இடமுண்டு. மரபைக் காக்கும் சுமையும் மாற்றத்தைத் தொடங்கும் உரிமையும் பாலின அடிப்படையில் பங்கிடப்படுவதைப் பெயரிடல் போலத் தெளிவாகக் காட்டும் தரவு வேறு அரிது.

இன்னொரு போக்கையும் குறிப்பிட வேண்டும். ஆங்கிலப் பெயரை ஏற்று, அதை ஸ்பானிய எழுத்திலக்கணப்படி எழுதுவது. பிரையன் என்பதைத் தம் ஒலிக்கு ஏற்ற எழுத்துகளால் ‘பிராயன்’ என வாசிக்கும்படி எழுதுகின்றனர், மைக்கேலும் அவ்வாறே. படித்த வர்க்கம் லத்தீன் அமெரிக்காவிலேயே இவற்றை எள்ளி நகையாடுகிறது. மொழியியல் நோக்கில் இவை பிழைகள் அல்ல. மரீனாவை மலினா ஆக்கிய நவாத் நாவு செய்ததையே இவையும் செய்கின்றன: அயற்சொல்லைத் தன் ஒலியமைப்புக்குள் வாங்கிக்கொள்கின்றன. எள்ளலுக்குக் காரணம் எழுத்து அன்று. அதை எழுதுவோரின் வர்க்கம்.

ஸ்பானிய நாட்டிலும் பெயர் சுதந்திரமாக இருந்ததில்லை. 1938இல் ஃபிராங்கோ தரப்பு பிறப்பித்த ஆணை, காஸ்தீலிய மொழிசாராப் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து விலக்கியது. கத்தலான் ஜோர்தி ‘ஹோர்ஹே’ என்றே பதிவாக வேண்டியிருந்தது. பாஸ்க் இஞாக்கி ‘இக்நாசியோ’ என்று. 1977ஆம் ஆண்டுச் சட்டம் பிறமொழிப் பெயர்களுக்கு வழிதிறந்தது. டெக்சாஸ் வகுப்பறையில் ஹுவானை ஜான் ஆக்கிய கைக்கும், பார்சலோனாப் பதிவகத்தில் ஜோர்தியை ஹோர்ஹே ஆக்கிய கைக்கும் மொழி மட்டுமே வேறு.

இன்றைய பட்டியல்கள் வேறொரு திருப்பத்தைக் காட்டுகின்றன. 1880 முதலான பிறப்புகளுக்குப் பெயர்த் தரவு வெளியிடும் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பட்டியலில், 2023ஆம் ஆண்டின் முதல் பத்து ஆண் பெயர்களுள் மத்தேயோ இடம்பெற்றது. மத்தேயு என்ற ஆங்கில வடிவம் கையெட்டும் தொலைவில் இருக்கையிலேயே ஸ்பானிய வடிவம் விரும்பப்படுகிறது. ‘நிலவு’ என்று பொருள்படும் லூனா அதே ஆண்டில் பெண் பெயர்களின் முதல் பத்தில் நின்றது. இவற்றை இடுவோர் எல்லோரும் ஸ்பானியம் பேசுபவர் அல்லர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் நிலத்துக்காக ஹுவான் ஆன கூப்பரைப் போல அன்றி, எந்தக் கட்டாயமும் இல்லாமல் ஆங்கிலக் குடும்பங்கள் ஸ்பானிய வடிவத்தைத் தேடிச் செல்கின்றன.

ஆனால் பதிவேடு எளிதாகத் திறக்கவில்லை. 1986இல் கலிபோர்னியா வாக்காளர்கள் ஆங்கிலத்தை மாநில ஆட்சிமொழியாக்கிய 63ஆம் முன்மொழிவுக்குப் பின், பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு அப்பாற்பட்ட குறிகளுக்கு இடமில்லை என்பது நிர்வாக நடைமுறையாயிற்று. ஹோசேயின் இறுதி எழுத்தின் மேலுள்ள அழுத்தக் குறி உதிர்ந்தது. நம் ‘ஞ’வுக்கு நிகரான, அலைக்கோடு தாங்கிய ஸ்பானிய எழுத்தும் உதிர்ந்தது. ‘பெஞா’ என்ற குடும்பப் பெயருக்குப் பாறை என்று பொருள். கோட்டை எடுத்துவிட்டால் அது ‘பெனா’, அதாவது துயரம். இக்குறிகளை அனுமதிக்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியபோதும், செலவையும் கூட்டாட்சிப் பதிவுகளோடு ஏற்படும் முரண்பாட்டையும் காட்டி 2017இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதை நிராகரித்தார்.

எனவே இரு மொழிக்கும் பொருந்தும் பெயரைத் தேடும் பெற்றோர், குறிகள் தேவைப்படாத பெயரையே நாடுகின்றனர். எலேனா, டேனியல், மரீனா. இத்தேர்வை அடையாள இழப்பு என்று கண்டிப்பதும் எளிது, பன்மைத்துவத்தின் வெற்றி என்று கொண்டாடுவதும் எளிது. இரண்டுமே பெற்றோரின் நிலையை அறியாத தீர்ப்புகள். தங்கள் தாத்தாவின் பெயர் வகுப்பறையில் மாற்றப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள், தம் பிள்ளையின் பெயரை எவரும் மாற்றத் தேவையில்லாதபடி இடுகின்றனர். அப்பிள்ளை பாட்டிக்குத் தனியேலாகவும் ஆசிரியருக்கு டேனியலாகவும் இருப்பான். ஷோச்சிட்ல் என்று பெயரிட எண்ணிக் கைவிட்ட பெற்றோர் எத்தனை பேர் என்பதை மட்டும் எந்தப் பிறப்புப் பதிவேடும் காட்டாது. பெயரிடல் வரலாற்றை எழுதுவோர், பதிவேட்டில் இருக்கும் பெயர்களைக் கணக்கிடும்போதே பதிவேட்டை எட்டாத பெயர்களையும் நினைவில் கொள்ள வேண்டியிருக்கிறது.